இருபத்தைந்து வருஷம் சுருதி இறங்காத லாம்பெர்ட் ஹூபிங்கர்

தூண்களில் ஒரு வகை கல்லால் ஆனது. அது பாட்டுக்கு நிற்கும், கூரையைத் தாங்கும், அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்காது. இன்னொரு வகை கோட்டும் வெள்ளிச் சங்கிலிக் கடிகாரமுமாக நடமாடும். தான் எதைத் தாங்குகிறது என்பதைக் கேட்டவர்களுக்கும் சொல்லும், கேட்காதவர்களை நிறுத்தி வைத்தும் சொல்லும். நாம் இங்கே பார்க்கப்போவது இந்தப் பேசும் தூணை.

சங்கம் என்று ஒன்று எங்கே இருந்தாலும் இந்த இனம் அதற்குள் ஒன்றாவது இருக்கும். தீயணைப்புப் படையில் இருக்கும், தேனீ வளர்ப்போர் சபையில் இருக்கும், ஊர்ப் பந்துருட்டல் குழுவில்கூட இருக்கும். ஆனால் அது கொழுகொழுவென்று வளர்வதற்கு ஏற்ற மண் ஆண்களின் பாட்டு மன்றம்தான். ஏனென்றால் இருபது பேர் சேர்ந்து பாடும்போது யார் சரியாகப் பாடினார், யார் தப்பாகப் பாடினார் என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. இதைவிட வசதியான இடம் ஒரு தூணுக்கு வேறெங்கே கிடைக்கும்?

டான்யூப் கரையில் எங்கள் எர்லாக் சந்தையூரில் ஆண்கள் பாட்டு மன்றம் தொடங்கிய நாளிலிருந்தே லாம்பெர்ட் ஹூபிங்கர் அதன் இரண்டாம் பாஸ். அதாவது எல்லோருக்கும் கீழே, அடித்தளத்தில் பாடுகிறவர். தொழில் சோப்பும் மெழுகுவர்த்தியும் காய்ச்சுவது. கோயில் பீடத்தில் எரியும் ஒவ்வொரு திரியும் அவர் கடையிலிருந்து போனது என்பதால், பூசையின் வெளிச்சமும் சத்தமும் இரண்டுமே தன் பொறுப்பு என்றொரு நினைப்பு அவருக்கு உண்டு.

வியாழக்கிழமைதோறும் கறுப்பு ஆடு விடுதியின் மாடியில் ஒத்திகை. எல்லோரும் வந்து, ஆப்பிள் மதுவான சைடர் ஒரு குவளை குடித்து, பாட்டுத் தாளைத் தேடி, தேடிக் கிடைக்காமல் பக்கத்து ஆளின் தாளை எட்டிப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் ஹூபிங்கர் வருவார். ஜூன் மாதத்திலும் கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துண்டு இருக்கும். அதைப் பிரிப்பதற்கே இரண்டு நிமிஷம் ஆகும், அதுவரை மன்றத்தை நடத்தும் வென்டலின் வாத்தியார் கோலைத் தூக்கியபடி காத்திருக்க வேண்டும். பிறகு இடுப்புப் பையிலிருந்து, தட்டினால் சுருதி தரும் இசைக்கவையை எடுப்பார், முழங்காலில் ஒரு தட்டு, காதருகே ஒரு பிடி, கண்ணை மூடி ஒரு தலையசைப்பு. "ம். இருக்கு," என்பார். சுருதி என்னவோ அவர் வரும்வரை ஊரைவிட்டுப் போயிருந்தது போலவும், இப்போதுதான் திரும்பி வந்தது போலவும் இருக்கும்.

ஒன்றைக் கவனித்தீர்களா? இசைக்கவையை அவர் பாட்டு ஆரம்பிக்கும்போது தட்டுவார். பாட்டு முடிந்த பிறகு தட்டியதே இல்லை. இருபத்தைந்து வருஷத்தில் ஒருமுறைகூட இல்லை. முடிவில் தட்டிப் பார்ப்பது சந்தேகப் பிராணிகளின் வேலை.

பாட்டு நடுவில் ஏதாவது பிசகினால் தூண் என்ன செய்யும்? வாயை மூடாது, தலையை மட்டும் மெல்லத் திருப்பி, மேல்குரலில் பாடும் முதல் டெனர்கள் பக்கம் ஒரு பார்வை பார்க்கும். பார்வையில் கோபம் இருக்காது. ரொம்பப் பாவப்பட்டுப் பார்க்கும். முடிந்ததும் சொல்லும்: "பிள்ளைகளா, நான் கீழே தாங்கிப் பிடிச்சிட்டிருக்கேன். நீங்க மேல நிம்மதியா உக்காந்தா மட்டும் போதும். அதுகூட முடியலையா?"

வீட்டிலும் இதே பேச்சுதான். மனைவி வால்புர்கா மட்டும் கொஞ்சம் காது உள்ளவள். ஒருநாள் அவர் முகம் மழித்துக்கொண்டே பாடியபோது, "ஏங்க, ஆரம்பிச்ச இடத்துல முடிக்கலையே நீங்க," என்றாள். "கண்ணாடிக்கு முன்னால பாடினா அப்படித்தான் கேக்கும்," என்றார் ஹூபிங்கர். அவள் கொதிக்கிற மாவு உருண்டைகளைக் கிளறப் போய்விட்டாள்.

இனி பாட்டுக்கு வருவோம். எங்கள் ஊர்க் காவல் புனிதரின் திருநாளுக்கென்று பக்கத்து மடத்துச் சாமியார் ஒருவர் எழுதிக் கொடுத்த லத்தீன் துதிப்பாட்டு அது. ஆண்குரல்களுக்கும், டிராம்போன் என்ற பித்தளை ஊதுகுழல் நாலுக்கும் எழுதியது. முக்கால்வாசிப் பாட்டு துணைக்கு ஒரு வாத்தியமும் இல்லாமல் குரல் மட்டும். மெதுவாகக் கிளம்பி, கனத்து, பயந்து, பணிந்து, ஊர்ந்து போகும். கடைசியில் ஒரு மௌனம். அப்புறம் 'அல்லேலூயா' என்று குரல்கள் எழும்ப, நாலு டிராம்போன்களும் ஒன்றாக உள்ளே நுழையும். சாமியார் நல்ல மனிதர், கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரிதான் எழுதியிருந்தார். அவருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று, எங்கள் இரண்டாம் பாஸ்.

ஏனென்றால் வாத்தியமில்லாமல் பாடும் அந்த முக்கால் பாட்டில் மன்றம் இறங்கும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு மயிரிழை. ஹூபிங்கர் ஒவ்வொரு சுரத்தையும் கீழிருந்து தூக்கிவருவார், முழுக்கத் தூக்கமாட்டார், முக்கால் தூரத்தில் இறக்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்வார். அடித்தளம் அங்கே உட்கார்ந்தால் மேல் வீடு என்ன செய்யும்? கூடவே இறங்கும். அல்லேலூயா வரும்போது மன்றம் முழுதும் ஏறக்குறைய அரைச் சுரம் பள்ளத்தில் நிற்கும்.

அப்படியானால் டிராம்போன்கள் நுழைந்ததும் குட்டு உடைந்திருக்க வேண்டுமே? உடையவில்லை. காரணம் தச்சர் சீபால்ட் ட்ராக்ஸ்லர். நாலு டிராம்போன்காரர்களில் மூத்தவர், பேச்சு குறைவு. பழைய டிராம்போன் என்பது குழாயை முன்னும் பின்னும் இழுத்து வாசிப்பது; நீட்டினால் சுருதி இறங்கும், எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இறங்கும். முதல் வருஷத் திருநாளிலேயே சீபால்ட் மன்றம் போகும் போக்கைக் கேட்டுவிட்டார். அல்லேலூயாவுக்கு முன் இருந்த அந்த மௌனத்தில் மற்ற மூவரையும் பார்த்து முழங்காலை லேசாகத் தாழ்த்தினார். நாலு குழாய்களும் சத்தமில்லாமல் இரண்டு விரற்கடை நீண்டன. நுழைந்தார்கள். குரலோடு அச்சாகப் பொருந்தியது. கோயில் அதிர்ந்தது, கிழவிகள் அழுதார்கள்.

அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒரு முழங்கால் தாழ்வு. அவர்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. ஒத்திகையிலோ வென்டலின் வாத்தியார் அல்லேலூயாவுக்கு முன் எப்போதும் நிறுத்திவிடுவார். லத்தீன் உச்சரிப்பு பற்றி ஏதோ சொல்கிற சாக்கில் ஹார்மோனியத்தைத் தொட்டுப் புதிதாகச் சுருதி கொடுத்துவிட்டு மேலே போவார். அந்த மனிதர் யார் மனதையும் நோகடிக்காத ஜாதி. இப்படியாக ஐந்து பேர் சேர்ந்து இருபத்தைந்து வருஷம் ஒருவரைச் சுமந்தார்கள், சுமக்கப்பட்டவரோ தான் சுமப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்கல்ல," என்பார் ஹூபிங்கர் ஒவ்வொரு திருநாள் முடிந்ததும், கையில் சைடரோடு. "பித்தளை உள்ளே வருது, ஒரு இழை வித்தியாசம் இல்லை. எதனால? அடியில யாரு நிக்கிறா?" யார் நிற்கிறார் என்று சொல்ல அவர் யாரையும் விடமாட்டார்.

இந்த நிலையில்தான் மன்றத்தின் இருபத்தைந்தாவது ஆண்டு வந்தது. லின்ஸிலிருந்து ஆயரே திருநாளுக்கு வருகிறார் என்றார்கள். அதோடு மன்றத்தின் கொடிக்குப் புதுப் பட்டு நாடா ஒன்று. அதில் 'மன்றத்தின் தூண்' என்று தங்க இழையில் தைத்து, கீழே ஒரே ஒரு பெயர். யார் பெயர் என்பதைத் திருநாளன்று மத்தியானம் உறுப்பினர்கள் கைதூக்கித் தீர்மானிப்பார்கள். ஹூபிங்கருக்குப் பிள்ளை குட்டி இல்லை. கடை அவரோடு முடிந்துவிடும், மெழுகுவர்த்தி எரிந்து தீர்ந்துவிடும், சோப்பு கரைந்துவிடும். கொடி நாடா மட்டும்தான் நிற்கும். அந்த நாடா அவருக்கு வேண்டும். சோறு இறங்காத அளவுக்கு வேண்டும். வால்புர்கா நாடா தைக்கும் மகளிர் குழுவில் இருந்ததால் 'ஹூபிங்கர்' என்ற பெயர் ஏற்கனவே தைத்து முடிந்து, தேர்தலுக்காகப் பெட்டியில் காத்துக்கொண்டிருந்தது.

பேசாமல் இருந்திருந்தால் நாடா தானாக வந்திருக்கும். ஆனால் தூண் எங்கேயாவது பேசாமல் இருக்குமா? தேர்தலுக்கு முன் ஊர் வாயைப் பிளக்கும்படி ஒரு காரியம் செய்ய வேண்டும் என்று ஹூபிங்கருக்குத் தோன்றியது. தோன்றினால் போதாதா, சீபால்டின் பட்டறைக்கே போனார்.

"மேஸ்திரி, இந்த இழுப்புக் குழாயெல்லாம் தாத்தா காலத்துச் சமாச்சாரம். வியன்னாவுல இப்போ எல்லாரும் அமுக்குக் கட்டை வெச்ச டிராம்போன்தான். மூணு கட்டை. விரலால அமுக்கினா சுரம் டக்குனு வந்து நிக்கும். அங்கே இங்கே வழுக்காது. நாலும் நான் வாங்கித் தரேன். நன்கொடை."

சீபால்ட் இழைப்புளியைக் கீழே வைத்தார். "வழுக்கறது நல்லதுங்க."

"எப்படி நல்லது?"

"தேவைப்படும்."

"எதுக்குத் தேவைப்படும்?"

சீபால்ட் மரத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். இருபத்தைந்து வருஷம் மூடிய வாயை ஒரு சாயங்காலத்தில் திறப்பது லேசா? "பழகிடுச்சு," என்றார் கடைசியில்.

"அதான் பார்த்தேன். பயம்," என்று ஹூபிங்கர் அவர் தோளைத் தட்டினார். "நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. உள்ளே நுழையும்போது என் குரலைக் கேளுங்க. நான் இருக்கேன்ல."

வாத்தியாரும் தன் பங்குக்குத் தடுத்துப் பார்த்தார். ஹூபிங்கரின் கடைக்கே போய், "இந்த வருஷம் பழசே இருக்கட்டுமே," என்றார். "ஆயர் ஆண்டகை வர்ற நேரம், எதுக்குப் புதுசு?"

"வாத்தியாரே, ஆண்டகை வர்றார்ங்கறதாலதான் புதுசு," என்றார் ஹூபிங்கர். வாத்தியார் தொப்பியை இரண்டு சுற்றுச் சுற்றினார். உண்மை நாக்கு நுனிவரை வந்தது, வந்து திரும்பிப் போய்விட்டது. நல்ல மனிதர்கள் செய்கிற கெடுதல் இப்படித்தான் இருக்கும்.

திருநாளுக்கு முந்தின நாள் மரப்பெட்டியில் வைக்கோலுக்குள் நாலு டிராம்போன்கள் வந்து இறங்கின. கண் கூசுகிற பளபளப்பு. ஒவ்வொன்றின் வாயிலும் திராட்சைக் கொடி வேலைப்பாட்டுக்கு நடுவே 'லாம்பெர்ட் ஹூபிங்கரின் அன்பளிப்பு' என்று பொறித்திருந்தது, பின்வரிசையில் முழங்காலிடுகிறவரும் படிக்கிற அளவில். பழைய நாலையும் எடுத்துச் சீபால்ட் துணியில் சுற்றித் தன் பட்டறைப் பரணில் வைத்தார்.

மறுநாள் பெரிய பூசை. ஆயர் சிம்மாசனத்தில், ஊர் முழுதும் பெஞ்சுகளில், மன்றம் மேலே பாடகர் மாடத்தில். ஹூபிங்கர் கம்பளித் துண்டைப் பிரித்தார். இசைக்கவை, முழங்கால், காது, தலையசைப்பு. "ம். இருக்கு."

பாட்டு கிளம்பியது. எவ்வளவு நன்றாகக் கிளம்பியது. ஹூபிங்கருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தன் குரல் தரையில் வேர்விட்டு, சுவர் வழியாக ஏறி, இந்தக் கோயிலையே ஏந்துவது போல் இருந்தது அவருக்கு. அந்த நிறைவில் வழக்கத்தைவிடக் கனமாகப் பாடினார். கனமாகப் பாடியதால் வழக்கத்தைவிட வேகமாக இறங்கினார். இரண்டாவது வரியில் டெனர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாலாவது வரியில் வாத்தியார் இடது கையால் மேலே, மேலே என்று சமிக்ஞை செய்தார். பக்தியை அதிகப்படுத்தச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு ஹூபிங்கர் இன்னும் கனத்தார்.

மௌனம் வந்தது. சீபால்டின் முழங்கால் பழக்க தோஷத்தில் தாழ்ந்தது. ஆனால் இழுக்கக் குழாய் எங்கே? கையில் இருந்தது மூன்று கட்டைகள். கட்டை அமுக்கினால் அரைச் சுரம் இறங்கும், ஒரு சுரம் இறங்கும்; மன்றம் நின்றிருந்ததோ அரைக்கும் கொஞ்சம் குறைவான ஒரு சந்தில். அந்தச் சந்துக்குப் போக எந்தக் கட்டையும் கிடையாது. சீபால்ட் கண்ணை மூடிக்கொண்டு, தாளில் எழுதியிருந்ததை எழுதியிருந்த இடத்தில் வாசித்தார். மற்ற மூவரும் அதையே செய்தார்கள்.

அல்லேலூயா.

ஐயோ, அது என்ன சத்தம். வண்டிச் சக்கரத்தில் பூனை மாட்டினால் வருமே, அதை நாலு மடங்காக்கிக் கோயில் கூரைக்குக் கீழே விட்டது போல. ஆயரின் கூம்புத் தொப்பி ஒரு பக்கம் சாய்ந்தது. முதல் டெனர்கள்தான் முதலில் பாய்ந்தார்கள், சுவரேறிக் குதிக்கிற திருடர்கள் போல மேலே தாவிப் பித்தளையைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாம் டெனர்கள் பின்தொடர்ந்தார்கள். பிறகு முதல் பாஸ்கள் தத்தித் தத்தி ஏறினார்கள். பத்துப் பதினைந்து தாள அடிக்குள் மன்றமே மேலே போய்ச் சேர்ந்துவிட்டது, ஒருவரைத் தவிர.

தூண் அசையவில்லை. எல்லோரும் ஓடும்போது நிற்பதற்குத்தானே தூண் என்று பெயர்? ஹூபிங்கர் கண்ணில் நீர் வர, கழுத்து நரம்பு புடைக்க, தன் பள்ளத்தில் தனியாக நின்று கடைசிவரை தாங்கினார். கடைசிச் சுரத்தை மற்றவர்கள் விட்ட பிறகும் ஒரு மூச்சு நேரம் அதிகமாகப் பிடித்தார். இருபத்தைந்து வருஷத்தில் முதல்முறையாக அவர் குரலை ஊர் தனியாகக் கேட்டது. கீழே பெஞ்சில் வால்புர்கா முக்காட்டை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டாள்.

பூசை முடிந்து மற்றவர்கள் படியிறங்கிப் போனார்கள். ஹூபிங்கர் நேரே சீபால்டிடம் போனார்.

"என்ன மேஸ்திரி செஞ்சீங்க? ஆண்டகை முன்னாடி? மேல போயிட்டீங்களே."

"நாங்க மேல போகலைங்க." சீபால்ட் டிராம்போனிலிருந்த எச்சிலை வடித்தார், 'அன்பளிப்பு' என்ற எழுத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். "தாள்ல இருக்கிற இடத்துலதான் வாசிச்சோம். நீங்கதான் கீழ இருந்தீங்க. எப்பவும் கீழதான் இருப்பீங்க. இருபத்தஞ்சு வருஷமா குழாயை நீட்டி நாங்கதான் உங்ககிட்ட வந்து சேந்துக்கிட்டோம். இதுல நீட்ட வழியில்லை."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுக் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு அவரும் இறங்கிப் போய்விட்டார்.

மாடத்தில் ஹூபிங்கர் ஒருவர்தான். பயந்துபோனார் மனிதர், நிஜமாகவே பயந்துபோனார். கண்ணாடிக்கு முன்னால் வால்புர்கா சொன்னது ஞாபகம் வந்தது. வாத்தியார் ஹார்மோனியத்தைத் தொடுகிற அந்த விரல் ஞாபகம் வந்தது. கை தானாக இடுப்புப் பைக்குள் போய் இசைக்கவையை எடுத்தது. கடைசிச் சுரம் இன்னும் தொண்டையில் இருந்தது. முழங்காலில் ஒரு தட்டு, காதருகே ஒரு பிடி, தெரிந்துவிடும். இரண்டு நொடி. கவையைத் தூக்கினார், முழங்கால்வரை கொண்டுபோனார், அங்கே நிறுத்தினார். பிறகு மெல்ல, சத்தம் வந்துவிடப் போகிறதே என்று இரண்டு முனைகளையும் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, திரும்பப் பைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டினார்.

மத்தியானம் விடுதி மாடியில் கூட்டம். வறுத்த பன்றிக்கறியை யாரும் தொடவில்லை. முதலில் எழுந்தவர் வென்டலின் வாத்தியார்.

"தப்பு என்னுடையது," என்றார். "ஆரம்பத்துல சுருதி நான்தான் சரியாக் கொடுக்கலை போலிருக்கு." அது பச்சைப் பொய். அறையில் இருந்த இருபது பேருக்கும் தெரியும். வாத்தியார் இருபத்தொன்றாவது ஆளின் முகத்தைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார்.

ஒரு சாதாரண மனிதன் என்றால் அந்த இடத்தில் தலை குனிந்திருப்பான். ஹூபிங்கர் எழுந்தார். கம்பளித் துண்டைச் சரிசெய்தார்.

"வாத்தியாரே, பழியை நீங்க ஏத்துக்க வேண்டாம். உண்மை எனக்குத் தெரியும். மேஸ்திரியே தன் வாயால என்கிட்ட ஒத்துக்கிட்டார்." சீபால்ட் நிமிர்ந்து பார்த்தார். "தாள்ல எழுதியிருக்கிறது ஒண்ணு, இவங்க வாசிச்சது ஒண்ணு. இன்னிக்கு ஒருநாள் இல்லை, இருபத்தஞ்சு வருஷமா ஆண்டவர் சந்நிதியில நாலு பேரும் சுருதி தப்பித்தான் வாசிச்சிருக்காங்க. நான் கீழே தாங்கிப் பிடிச்சதால வெளியே தெரியலை. ஆனா நான் அதைப் பெருசு பண்ணப் போறதில்லை. பழைய குழாயே வேணும்னா எடுத்துக்கட்டும். மன்னிச்சிட்டேன்."

ஒரு டெனர் சைடரில் புரையேறி இருமினான். தேர்தல் நடத்த வேண்டுமே என்று செயலாளர் பெட்டியைத் திறந்து நாடாவை எடுத்தார். அதில் ஏற்கனவே தைத்திருந்த பெயரை எல்லோரும் பார்த்தார்கள். தங்க இழையைப் பிரித்தால் பட்டு கிழியும் என்று யாரோ சொன்னார்கள். கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. முதலில் உயர்ந்தது சீபால்டின் கை. பட்டறைக்குப் போனால் பரணிலிருந்து பழைய நாலையும் இறக்கி எண்ணெய் போட வேண்டும், அவருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

நாடா இன்றும் எங்கள் கொடியில் இருக்கிறது. புது டிராம்போன்கள் விடுதிச் சுவரில் தொங்குகின்றன, பார்க்க லட்சணமாக. அடுத்த வருஷத் திருநாளில் பித்தளை உள்ளே வந்தபோது ஒரு இழை வித்தியாசம் இல்லை. "பாத்தீங்கல்ல," என்றார் ஹூபிங்கர். "ஒருதடவை சொன்னது போதும். திருந்திட்டாங்க."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உங்களுக்கு ஒரு பாட்டு மன்றமும் கிடையாது, உங்களுக்கென்ன. ஆனால் உங்கள் வீட்டில் நீங்கள் எடுத்த முடிவெல்லாம் சரியாகத்தான் போயிருக்கிறதா? அலுவலகத்தில் நீங்கள் போட்ட திட்டத்தை யாரும் ஒருநாளும் குறை சொன்னதில்லையா? நீங்கள் பேசி முடித்ததும் எல்லோரும் சரியாக அதே இடத்தில் வந்து சேர்ந்துகொள்கிறார்களா? ரொம்ப சந்தோஷம். இருந்தாலும் அடுத்த தடவை நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால் வருமே ஒரு சின்ன மௌனம், அப்போது கொஞ்சம் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பின்னால் நாலு பேர் சத்தமில்லாமல் குழாயை நீட்டிக்கொண்டிருப்பார்கள்.